அடம் எடுபடாத வாசல்

என் மகள் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

இதையெல்லாம் ஒரு சம்பவமென்று எழுதுகிறாளே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். நந்தினிக்கு அப்போது நான்கு வயது. பிறந்ததிலிருந்து அன்றுவரை தூக்கத்தையும் சோற்று உருண்டையையும் தவிர வேறெதுவும் அந்த வாயை மூடிவைத்ததில்லை.

சோமனூரில் எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே சரோஜாக்காவின் தறிக் குடோன். மத்தியான வெயில் ஓட்டுச் சந்து வழியாக உள்ளே இறங்கி, மிதந்துகொண்டிருந்த பஞ்சுத் தூசியில் சாய்வாக நின்றது. கையை நீட்டினால் அந்த வெளிச்சத்தைப் பிடித்து மடித்து வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. பெல்ட்டுகள் ஓடின, ஊடுநூலைச் சுமந்த நாடாக்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்தன, தரைகூட லேசாக அதிர்ந்தது.

ஒரு தறி மட்டும் நின்றிருந்தது. சரோஜாக்கா அதன்மேல் குனிந்து, அறுந்த இழையின் நுனியைத் தேடி முடிச்சிட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தறிப் பக்கம் வந்துவிடாமலிருக்கத் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நந்தினி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டிய செய்தி கன்னம் முழுக்க உப்பியிருந்தது. கால் விரல்கள் துள்ளின. வாய் மட்டும் திறக்கவில்லை.

சரோஜாக்கா இழையை முடிந்தார். நிமிர்ந்தார். திரும்பினார். இருவர் கண்ணும் சந்தித்தன. அதற்குப் பிறகுதான் என் மகள் பேசினாள். தறிச் சத்தத்தில் ஒரு சொல்லும் எனக்குக் கேட்கவில்லை.

நான் வாசலில் மோர் தம்ளரோடு நின்றேன். இவளுக்கு என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று சரோஜாக்காவிடம் கேட்க வேண்டும் போலிருந்தது.

லீவில் போன மேனேஜர்

(நடுவில் ஒன்று. போன வாரம் என் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோனதை எழுதியிருந்தேன். சமையல்காரர் தரப்பு நியாயத்தை விளக்கி மூன்று வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். என் தரப்பில் யாருமில்லை. கல்யாணத்தன்றும் இதே நிலைதான்.)

நந்தினி அன்று வாயை மூடி நின்றாளே, இப்போதெல்லாம் அதற்கு ஒரு பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். மூளையின் நிர்வாகத் திறன் என்கிறார்கள். வாயில் வந்ததை வாயிலேயே நிறுத்துவது, ஒரு விஷயத்தை மனதில் பிடித்துவைத்துக்கொண்டு வேறொன்றைச் செய்வது, ஒரு வழி அடைபட்டால் அழாமல் இன்னொரு வழி பார்ப்பது. குழந்தையின் தலைக்குள் ஒரு மேனேஜர் உட்கார்ந்து இதையெல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்கிறார் என்று படித்தேன்.

தொண்ணூறுகளில் இந்தச் சொல் சோமனூருக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் பள்ளியில் கௌரவமாகச் சொல்லியிருப்பேன்: “எங்க நந்தினிக்கு மேனேஜர் லீவுங்க.”

பள்ளி அவிநாசி ரோட்டுப் பக்கம் இருந்தது. வேனில் அள்ளிக்கொண்டு போவார்கள். எல்கேஜியில் சேர்ந்த முதல் மாதமே வகுப்பாசிரியை ஸ்டெல்லா மிஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“கெட்டிக்காரிதானுங்க. அதுதான் தொந்தரவே,” என்றார். “பக்கத்துப் புள்ளையக் கேட்டா இவ பதில் சொல்றா. இவளக் கேட்டாலும் இவதான் சொல்றா. அப்பறம் மத்த புள்ளைக எதுக்குங்க வேன் ஏறி வரோணும்?”

நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். அவர் இன்னும் முடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

விளையாட்டுச் சாமானைப் பிடுங்குகிறாளாம். வரிசையில் நிற்கச் சொன்னால் நேராக முன்னால் போய் நிற்கிறாளாம். கடைசியில் தலைமையாசிரியை பேசினார். பிள்ளைகள் அவரைப் பெரிய மிஸ் என்பார்கள். அவர் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்து நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

“அரைப் பரீட்சை வரைக்கும் பாக்கலாங்க. மாறலீன்னா இன்னொரு வருஷம் எல்கேஜியே இருக்கட்டும். இல்லீன்னா நீங்க வேற ஸ்கூல் பாத்துக்கோங்க.”

அதுவரைக்கும் நந்தினியைத் தனி ஸ்டூலில், அலமாரி ஓரமாக உட்காரவைப்பதாகச் சொன்னார்கள்.

முதல் நாள் அவளுக்கு ஒரே பெருமை. “எனக்கு மட்டும் ஸ்டூலு!” என்று தெருவெல்லாம் சொன்னாள். ஒரு வாரம் போனது. தலை பின்னிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டாள்:

“அம்மா, தனியா உக்காந்தா யாரோட சண்டை போடறது?”

ரிப்பனை இறுக்கிக் கட்டினேன்.

புத்தகமும் நானும்

நான் படித்தவள். அதுதான் இந்தக் கதையில் பெரிய இடைஞ்சல். ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தபடியே பிழை திருத்திக்கொண்டிருந்தேன். ஊரில் யார் என்ன எழுதினாலும் தப்புக் கண்டுபிடிக்கும் வேலை. அதனால் குழந்தையையும் சிவப்பு மையால் சரிசெய்துவிடலாம் என்று ஓர் எண்ணம்.

கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் அட்டை போன ஒரு புத்தகம் கிடைத்தது. குழந்தை வளர்ப்பைப் பற்றி யாரோ ஒரு வெளிநாட்டு டாக்டர் எழுதியது. படங்களில் எல்லாக் குழந்தைகளும் ரோஸ் நிறத்தில், கையைக் கட்டி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச நினைக்கும்போது மனதுக்குள் பத்துவரை எண்ணச் சொல்லுங்கள் என்று போட்டிருந்தது.

சொன்னேன். நந்தினி என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு எண்ணினாள்.

“ஒண்ணு, ரெண்டு, பத்து! அம்மா, பூனை…”

எண்களைக்கூட வரிசையில் நிற்கவிடாத பிள்ளை.

என் கணவர் ஒரு நூல் கம்பெனியில் வேலையிலிருந்தார். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொல்வார்: “ஏன் அம்மணி, நீயும் அவளும் ஒரே நேரத்துல பேசுனா நான் எந்தப் பக்கம் தலையாட்டறது?”

“இருங்க, நான் சொல்லி முடிச்சர்றேன்” என்பேன்.

“அவளும் அதேதான் சொல்றா.”

தெருவுக்கு விட்டால் கெட்டுப்போவாள் என்று பள்ளி விட்டதும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டேன். பள்ளியில் அலமாரி ஓரம், வீட்டில் என் ஓரம். அடுத்தவர் முறைக்குக் காத்திருக்கப் பழக்குவதற்காக, அடுத்தவரே இல்லாத இடமாகப் பார்த்து அவளை உட்காரவைத்தோம். கிணற்று நீரை மோட்டார் போட்டு இறைத்துவிட்டுப் பிள்ளைக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த மாதிரிதான்.

ரயில்வே கேட்

காத்திருப்பதில் எங்கள் குடும்பத்துக்கு எப்போதுமே பெரிய பெயர் கிடையாது. நான் வளர்ந்தது துடியலூரில். மேட்டுப்பாளையம் ரயிலுக்காகக் கேட் போடுவார்கள். ரயில் வரும் அறிகுறியே இருக்காது. தண்டவாளம் வெயிலில் நெளிந்துகொண்டிருக்கும். தூரத்தில் மலை, யாரோ நீலத்தை ஊதிவிட்டுப் போன மாதிரி நிற்கும். ஒரு பெண்மணி கூடையோடு நெல்லிக்காய் விற்றுக்கொண்டு போவார். உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த அந்த வாசனைதான் எனக்குப் பொறுமையின் வாசனை. ஆனால் முழுதாக முகர்ந்ததில்லை.

ஏனென்றால் அதற்குள் என் சித்தப்பா சைக்கிளைச் சாய்த்து, கேட்டுக்கு அடியில் நுழைத்து, என்னையும் பின்னாலேயே இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போயிருப்பார். “நிக்கறவன் நின்னுட்டே இருப்பான்டி” என்பார். வீட்டிலும் அப்படித்தான். பந்தி நிறைய அண்ணன், அக்கா, அத்தை பிள்ளைகள். முதலில் கத்தியவருக்கு முதல் தோசை. நான் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்தவள்.

எங்கோ போய்விட்டேன். தறிக் குடோனுக்கு வருகிறேன்.

சத்தம் கேட்காத அடம்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பிழை திருத்தும் தாள்களோடு ஜன்னலோரம் சாய்ந்திருந்தேன். சோமனூர் மத்தியானத்துக்கென்று ஒரு மயக்கம் உண்டு. தெரு முழுக்கத் தறிகள் ஒன்றாக ஓடும்போது, அது சத்தமாகவே இருப்பதில்லை. வெகுதூரத்தில் விடாமல் மழை பெய்கிற மாதிரி, அதற்குள் வீடு, மரம், ஆடு எல்லாம் அமிழ்ந்துபோயிருக்கும். கண்ணை மூடித் திறந்தேன். பக்கத்தில் பாய் இருந்தது, நந்தினி இல்லை.

எதிர் வாசலில் இருந்தாள்.

குடோனுக்கு முன்னால் சரோஜாக்காவின் மகள் கோமதியும் தெருப் பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவில் மட்டுமே உள்ள விளையாட்டு அது. பிள்ளைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நிற்பார்கள். அவர்கள்தான் தறி. நடுவில் ஒரு பிள்ளை இங்கும் அங்கும் ஓடும். அது நாடா. தள்ளி ஒரு கல்லின்மேல் நிற்கும் பிள்ளைதான் கரண்டு. கரண்டு கையை இறக்கினால் எல்லோரும் அந்தந்த நிலையில் உறைந்து நிற்க வேண்டும். அசைந்தவர் வெளியே. கையைத் தூக்கினால் மறுபடி ஓட்டம். குரல் கொடுத்து விளையாட முடியாது. பின்னால் தறிகள் ஓடும்போது யார் குரல் யாருக்குக் கேட்கும்? எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நந்தினி போன வேகத்தில் கல்லின்மேல் ஏறினாள். கோமதி அவளை அலுங்காமல் தூக்கிக் கீழே விட்டாள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பெண், மூட்டை இறக்குகிற மாதிரி இறக்கினாள். நந்தினி கத்தினாள். அவள் வாய் திறந்ததை நான் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அவர்களுக்கும் கேட்கவில்லை. இன்னும் பெரிதாகத் திறந்தாள். பிறகு தரையில் விழுந்து, புரண்டு, காலை உதைத்தாள். என் வீட்டில் அந்த உதைக்கு எந்த அறையிலிருந்தாலும் நான் ஓடிவந்துவிடுவேன். அங்கே விளையாட்டு நிற்கவே இல்லை. நாடாவாக ஓடிய பையன் ஒவ்வொரு முறையும் அவளைத் தாண்டிக் குதித்து ஓடினான். உலகத்திலேயே சத்தம் கேட்காத முதல் அடம் அதுவாகத்தான் இருக்கும்.

எழுந்து ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்று நினைத்தேன். மடியில் தாள்கள் இருந்தன, கண்ணில் தூக்கமிருந்தது. நான் எழுந்துகொள்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள். பாவாடையைத் தட்டிக்கொண்டாள். சற்று நேரம் யாரையும் பார்க்காமல் நின்றாள். பிறகு கோமதிக்கு முன்னால் போய் நின்று, அவள் திரும்பும்வரை நின்று, தன் நெஞ்சைத் தொட்டுக் கல்லைக் காட்டினாள்.

கோமதி தலையசைத்து, வரிசையின் கடைசியைக் காட்டினாள்.

என் மகள் போய்க் கடைசியில் நின்றாள்.

அன்று அவளுக்குக் கல் கிடைக்கவில்லை. இருட்டும் நேரத்தில் வந்து, “நாளைக்கி நாந்தான் கரண்டு” என்றாள். ஓர் ஆசையை அடுத்த நாளுக்கு எடுத்துவைத்து அவள் பேசியது அதுதான் முதல் முறை.

பேசாத வியாதி

அதற்குப் பிறகு அவளை வீட்டில் வைக்க என்னாலும் முடியவில்லை, அந்த டாக்டராலும் முடியவில்லை. குடோனில் எல்லோரும் கண்ணைப் பிடித்துத்தான் பேசுவார்கள். வேலையில் இருப்பவர் நிமிரும்வரை நிற்பார்கள். டீ என்றால் ஒரு கை, இழை அறுந்தது என்றால் ஒரு கை. யாரும் அவளை உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. கண்ணைப் பார்த்து நிற்காவிட்டால் அங்கே அவளுக்கு யாரும் கிடைக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

சில நாள் கரண்டு நிஜமாகவே போய்விடும். தெரு முழுக்கத் தறிகள் அடங்கி, பஞ்சுத் தூசி மெல்ல இறங்கும். எங்கோ ஒரு குயில், தானும் இத்தனை நேரம் கத்திக்கொண்டிருந்ததைக் கண்டுகொண்ட மாதிரி திடுக்கிட்டு நிற்கும். அந்த அமைதியிலும் பிள்ளைகள் வாய் பேசாமல், ஒருவரையொருவர் பார்த்தபடி ஓடுவார்கள். நீருக்கடியில் ஓடுகிற மாதிரியிருக்கும்.

“ஏனுங், உங்க புள்ள ரவுசு பண்றதே இல்லீங்களே, நீங்க என்னமோ சொன்னீங்க?” என்று சரோஜாக்கா ஒரு நாள் கேட்டார். அமைதியிலும் அவருக்குக் கத்தித்தான் பேச வரும்.

“எங்கூட்ல வந்து பாருங்க” என்று நானும் கத்தினேன்.

இப்படியிருக்கும்போது பள்ளியிலிருந்து மறுபடி ஆள் வந்தது. அரைப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. திருத்திக்கொண்டிருந்த தாள்களை அப்படியே போட்டுவிட்டுப் போனேன்.

ஸ்டெல்லா மிஸ் குரலைத் தாழ்த்தினார். “தப்பா நெனைக்காதீங்க. நந்தினிக்குக் காது நல்லாக் கேக்குதுங்களா?”

“ஏனுங்க?”

“பேசறதே இல்லீங்க. எம்முன்னால வந்து நின்னுட்டுப் பாத்துட்டே இருக்கா. நான் எழுதிட்டிருந்தா, நின்னுட்டே இருக்கா. நேத்து என் தாடையப் புடிச்சு அவ பக்கம் திருப்புனாளுங்க.”

பேசுகிறாள் என்று போன முறை கூப்பிட்டார்கள். பேசவில்லை என்று இந்த முறை. இரண்டு வியாதிக்கும் ஒரே ஸ்டூல்தான் மருந்து. அவள் இன்னும் அலமாரி ஓரத்தில்தான் இருந்தாள்.

காப்பி, தீ, பாம்பு

எங்களைப் பெரிய மிஸ்ஸின் அறைக்கு அழைத்துப்போனார்கள். அவர் போனில் இருந்தார். வேன் எங்கேயோ நின்றுபோயிருந்தது.

“ஏனுங்க, எந்தப் பாலத்துக்கிட்டங்க? …அந்தப் பாலமா? …அது பாலமே இல்லீங்களே, சாக்கடை மோரிங்க அது!”

நான் எதிரே உட்கார்ந்தேன். நடுவில் நோட்டுக் கட்டுகள் மலையாக இருந்ததால் அவருடைய கொண்டை மட்டுமே எனக்குத் தெரிந்தது. நந்தினி மேசையைச் சுற்றி அவர் பக்கம் போய் நின்றாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கன்னம் உப்பியது. கால் விரல்கள் துள்ள ஆரம்பித்தன. சாமி, இவள் வாயைத் திறந்துவிடக் கூடாதே என்று வேண்டினேன். ஒருவேளை திறக்க வேண்டுமோ? காது கேட்கிறதென்று காட்டியாக வேண்டுமே. எதை வேண்டிக்கொள்வதென்று சாமிக்கே குழப்பமாக இருந்திருக்கும்.

வேன் ஒருவழியாகக் கண்டுபிடிக்கப்பட்டது. போன் வைக்கப்பட்டது. பெரிய மிஸ் திரும்பினார். என் மகள் அந்தக் கண்ணைப் பிடித்தாள்.

“மிஸ், உங்க சேலைல காப்பி ஊத்துதுங்க. ரொம்ப நேரமா.”

பெரிய மிஸ் குனிந்து பார்த்தார். போன் பேசும் வேகத்தில் முழங்கை பட்டுத் தம்ளர் சாய்ந்திருக்கிறது. ஆறிப்போன காப்பி மேசை விளிம்பிலிருந்து ஒழுகி, இளம்பச்சைச் சேலையின் மடியில் ஒரு குளமே கட்டியிருந்தது.

“ஏங் கண்ணு, அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க என்னயப் பாக்கவே இல்லீங்களே. பேசிட்டிருந்தீங்க.”

வேறு எந்தப் பள்ளியில் இடம் கிடைக்கும் என்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

பெரிய மிஸ் சேலையை நிதானமாகப் பிழிந்தார். “இந்தப் புள்ளைதான் குறுக்க குறுக்கப் பேசுதுன்னீங்களா?” என்று ஸ்டெல்லா மிஸ்ஸைக் கேட்டார்.

“முன்ன அப்படித்தானுங்க இருந்தா.”

“அந்த ஸ்டூல எடுத்து அக்கட்டால போடுங்க. பெஞ்சுல புள்ளைகளோட உக்காரட்டும். யூகேஜிக்குப் போகட்டும், அதப் பத்தி இனிப் பேச்சே வேண்டாம்.” பிறகு நந்தினியிடம் குனிந்தார். “ஆனா கண்ணு, இதக் கேட்டுக்கோ. காப்பி ஊத்துனா, தீப் புடிச்சா, பாம்பு வந்தா, பாக்கறதுக்கெல்லாம் நிக்கப்படாது. ஒடனே சொல்லிப்போடோணும். செரியா?”

“காப்பி, தீ, பாம்பு,” என்று நந்தினி மனதில் ஏற்றிக்கொண்டாள். பிறகு யோசித்தாள். “பல்லி வந்தா?”

“பல்லிக்கு நிக்கலாம்.”

ஜன்னலில் நின்றவள்

வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். நான் போகவில்லை. வராந்தாவில் வகுப்பின் ஜன்னலோரம் நின்றேன்.

அவளை ஒரு குண்டுப் பையனுக்குப் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார்கள். வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைப் பிள்ளைகள்மேல் வரிவரியாகப் போட்டிருந்தது. சாக்பீஸ் தூள் மிதந்தது. ஸ்டெல்லா மிஸ் அந்தப் பையனைக் கேட்டார்:

“ஏழுக்கு அப்பறம் என்ன வரும்?”

பையன் கூரையைப் பார்த்தான். நந்தினிக்குத் தெரியும். அவள் தோள் இரண்டும் காதுவரை உயர்ந்தன. உதட்டை உள்ளே மடித்தாள். கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பையன் கூரையிலிருந்து சுவருக்கு வந்தான். சுவரிலிருந்து மெதுவாகத் தன் விரல்களுக்கு வந்தான். காலமே ஒரு மாட்டுவண்டியில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

“எட்டு!” என்றது ஒரு குரல்.

என் குரல்தான்.

வகுப்பே ஜன்னலைப் பார்த்தது. பையன் என்னை நன்றியோடு பார்த்தான். நந்தினி பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். ஸ்டெல்லா மிஸ், எல்கேஜிப் பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில், “அம்மா, நீங்க வெளிய போய் நில்லுங்க” என்றார்.

போய் நின்றேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம். பூக்கள் தரையில் பொரியாக உதிர்ந்து கிடந்தன. வேலையாள் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, எந்த வகுப்பில் என்ன செய்தேன் என்று கேட்க நினைத்துக் கேட்காமல் போனார்.

மணி அடித்தது. பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வரிசையாக வந்தார்கள். நடுவில் நந்தினி, முன்னால் நடந்த குண்டுப் பையனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

நான் குனிந்து கைகளை விரித்தேன். எங்கே பார்த்தாலும், யாரைத் தள்ளிவிட்டாவது ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்பவள். அந்த மோதலை வாங்கிக்கொள்ள ஒரு காலைப் பின்னால் ஊன்றியும் வைத்துக்கொண்டேன்.

அவள் ஓடிவரவில்லை. அவள் பாதம் மட்டும் ஒருமுறை வரிசைக்கு வெளியே வந்து, திரும்ப உள்ளே போனது. என்னைக் கடந்து போகும்போது, சட்டை நுனியை விடாமல், சின்னக் குரலில் சொன்னாள்:

“வாரேன், இரும்மா.”

விரித்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடக்கிக்கொண்டேன். அவளுக்கு முன்னால் இன்னும் நிறையப் பிள்ளைகள் இருந்தார்கள். நான் இருந்தேன்.